போன கூட்டத்துக்கும் இந்தக் கூட்டத்துக்கும் நடுவில்: சுகாதாரக் கூட்டமைப்பை வேலை செய்ய வைப்பது எப்படி

ஆரம்பக் கூட்டம் எப்போதும் அமர்க்களமாகத்தான் நடக்கும். முப்பது அமைப்புகள் கையெழுத்துப் போடும், பேனர் கட்டியிருக்கும், குரூப் போட்டோ எடுத்து அன்று ராத்திரியே வாட்ஸ்அப் குழுவும் தொடங்கிவிடுவார்கள். நாலாவது கூட்டத்துக்கு ஏழு பேர் வருவார்கள், அதில் மூன்று பேர் "எங்கள் டைரக்டரால் வர முடியவில்லை, என்னைப் போகச் சொன்னார்" என்கிறவர்கள். ஆறாவது மாதம் அந்த வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் படங்கள் மட்டும் வந்துகொண்டிருக்கும். இப்படி மெல்ல அணைந்துபோன கூட்டமைப்புகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், ஒன்றிரண்டு அணைந்ததில் எனக்கும் பங்கு உண்டு, அதனால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன்.

சுகாதாரக் கூட்டமைப்பு என்று நான் சொல்வது, ஒரு பகுதியில் இருக்கும் மருத்துவமனை, பள்ளி, தொண்டு நிறுவனம், உள்ளாட்சி, வழிபாட்டுத் தலம், வியாபாரிகள், நோயோடு வாழ்கிறவர்கள் என்று வெவ்வேறு திசையில் இருப்பவர்கள் ஒரே ஆரோக்கியப் பிரச்சினைக்காகச் சேர்ந்து நிற்கும் ஏற்பாட்டை. (கூட்டணி என்றும் எழுதலாம்தான், ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்குத் தொகுதிப் பங்கீடுதான் ஞாபகம் வருகிறது.) அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க நான் ஒரே கேள்விதான் கேட்பேன்: போன கூட்டத்துக்கும் இந்தக் கூட்டத்துக்கும் நடுவில் யார் என்ன செய்தார்கள்? எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த நடுநாட்களில் வேலை நடக்க என்ன செய்யலாம் என்பதைப் பற்றித்தான்.

முதலில், இது தேவையா?

கூட்டமைப்புக்குச் செலவு அதிகம். பணம் மட்டுமா, ஆட்களின் நேரம், பொறுமை, ஈகோ எல்லாம் செலவாகும். ஒரே அமைப்பு தனியாகச் செய்து முடிக்கக்கூடிய வேலைக்குப் பதினைந்து அமைப்புகளை இழுத்து உட்கார வைப்பது வீண். என்னிடம் இருப்பது உன்னிடம் இல்லை, உன்னிடம் இருப்பது என்னிடம் இல்லை, இரண்டும் சேர்ந்தால்தான் காரியம் ஆகும் என்ற நிலை இருந்தால் மட்டும் ஆரம்பியுங்கள்.

இதற்கு நான் வழக்கமாகச் சொல்லும் உதாரணம் 1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் வந்த காலரா. பிராட் தெருவில் இருந்த அடிபம்பின் தண்ணீர்தான் காரணம் என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் கண்டுபிடித்த கதை பலருக்கும் தெரியும். ஆனால் அது பாதிக் கதை. எந்த வீட்டில் எத்தனை பேர் இறந்தார்கள், எந்த பம்பில் தண்ணீர் எடுத்தார்கள் என்ற கணக்கு ஸ்னோவிடம் இருந்தது. பம்பின் கைப்பிடியைக் கழற்றும் அதிகாரம் அந்தப் பகுதியின் நிர்வாகக் குழுவிடம் இருந்தது, அவர்கள் செப்டம்பர் 8ஆம் தேதி கழற்ற வைத்தார்கள். அந்தத் தெருக்களில் வீடு வீடாகப் போய்ப் பேசும் பழக்கம் இருந்ததோ ஹென்றி ஒயிட்ஹெட் என்ற இளம் பாதிரியாருக்கு. அவர் ஸ்னோ சொன்னதை நம்பவே இல்லை, தப்பு என்று காட்டத்தான் விசாரிக்கக் கிளம்பினார். விசாரிக்க விசாரிக்க ஸ்னோ பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்று அவருக்கே பட்டது. 40ஆம் எண் வீட்டில் நோய்ப்பட்டிருந்த குழந்தையின் துணி அலசிய தண்ணீர், பம்புக் கிணற்றுக்குப் பக்கத்திலேயே இருந்த கழிவுக்குழியில் கொட்டப்பட்ட விஷயத்தைக் கண்டுபிடித்ததும் அவர்தான். கைப்பிடியைக் கழற்றும் முன்பே சாவுகள் குறைய ஆரம்பித்துவிட்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும், கதை சொல்கிறவர்கள் அதை விட்டுவிடுவார்கள். எனக்கு இதில் பிடித்தது, கணக்கு ஒருவரிடம், அதிகாரம் ஒருவரிடம், ஜனங்களோடு பழக்கம் ஒருவரிடம் என்று பிரிந்து கிடந்ததுதான். அப்புறம் அந்த நம்பாத பாதிரியார். உங்கள் கூட்டமைப்பில் "இதெல்லாம் நடக்காது" என்று சொல்லிக்கொண்டே வேலையும் செய்கிற ஒருவர் இருந்தால் அவரைத் துரத்திவிடாதீர்கள்.

பிரச்சினையைக் கைக்கு அடக்கமாக்குங்கள்

"ஆரோக்கியமான சமுதாயம் படைப்போம்" என்பது பேனருக்கு நன்றாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் யாரும் எதையும் ஆரம்பிக்க முடியாது. நோக்கத்தை எழுதும்போது யாருக்கு, எது, எவ்வளவு, எப்போதுக்குள் என்ற நாலும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். "ரத்த அழுத்தம் பற்றிய விழிப்புணர்வை அதிகரிப்பது" என்று எழுதினால் யாரும் சண்டை போட மாட்டார்கள், யாரும் வேலையும் செய்ய மாட்டார்கள். "இந்த மூன்று குடியிருப்புகளிலும் 40 வயது தாண்டிய எல்லோருக்கும் ஒரு வருஷத்துக்குள் ஒரு முறையாவது ரத்த அழுத்தம் பார்த்திருக்க வேண்டும், அதிகம் இருப்பவர்களில் பாதிப் பேராவது விடாமல் மாத்திரை எடுக்க வேண்டும்" என்று எழுதிப் பாருங்கள், உடனே கேள்விகள் கிளம்பும். யார் பார்ப்பது, மாத்திரை தீர்ந்துபோனால் என்ன செய்வது, இரவு ஷிப்ட் போகிறவர்களை எப்போது பிடிப்பது, பார்த்ததை எங்கே எழுதி வைப்பது. அந்தக் கேள்விகள்தான் உங்கள் வேலைப் பட்டியல், தனியாக ஒரு பயிலரங்கம் வைத்துப் பட்டியல் போட வேண்டியதில்லை.

எந்தப் பிரச்சினையை எடுப்பது என்பதற்கு இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கணக்கு: மருத்துவமனைப் பதிவேடு, இறப்புப் பதிவு, பிள்ளைகள் பள்ளிக்கு வராத நாட்கள். இன்னொரு பக்கம், அங்கே வாழ்கிறவர்கள் எதை நினைத்துத் தூக்கம் கெடுகிறார்கள் என்பது. இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம். நீங்கள் சர்க்கரை நோய் என்று போவீர்கள், அவர்கள் தெருவிளக்கு எரிவதில்லை, இருட்டிய பிறகு வெளியே நடக்கப் பயமாக இருக்கிறது என்பார்கள். சரி, தெருவிளக்கில் ஆரம்பியுங்கள். நடைப்பயிற்சிக்கு உதவும் என்பது ஒரு பக்கம், "இவர்கள் சொன்னதைக் கேட்டார்கள்" என்ற பெயர் கிடைப்பது அதைவிடப் பெரிய லாபம், அந்தப் பெயரை வைத்துத்தான் பிறகு சர்க்கரை பரிசோதனைக்கு விரல் நீட்டச் சொல்ல முடியும்.

கேள்வித்தாள் நீட்டினால் பலர் நமக்குப் பிடிக்கும் என்று நினைக்கிற பதிலைச் சொல்லிவிட்டுப் போவார்கள். 1990களில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கிராமத்துப் பெண்கள் கையில் கேமராவைக் கொடுத்து, தங்கள் வாழ்க்கையைத் தாங்களே படமெடுக்கச் சொன்னார்கள். ஃபோட்டோவாய்ஸ் என்று இன்று உலகம் முழுக்கப் பயன்படுத்தும் முறை அப்படி வந்ததுதான். இப்போது போனிலேயே செய்யலாம். "உங்கள் உடம்பைக் கெடுப்பது எது, காப்பாற்றுவது எது, ஒரு வாரம் படமெடுத்து வாருங்கள்" என்று பத்துப் பேரிடம் சொல்லி, அந்தப் படங்களைச் சுவரில் ஒட்டி அவர்களையே பேச விட்டால், ஐந்நூறு பேர் சர்வேயில் வராத விஷயம் வரும். அடுத்தவர் முகம் தெரிகிற படத்துக்கு அவரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், பிறகு தகராறு ஆகும்.

யாரைக் கூப்பிடுவது

அமைப்புகளின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கடிதம் அனுப்பாதீர்கள். ஒரு தாளில் இடப்பக்கம் செய்ய வேண்டிய வேலையை எழுதுங்கள், வலப்பக்கம் அதை யாரால் செய்ய முடியும் என்று எழுதுங்கள். அமைப்பின் பெயரை எழுதாமல் ஆளின் பெயரை எழுதுங்கள். எட்டுப் பத்துப் பேர் போதும் ஆரம்பத்துக்கு. அமெரிக்காவில் இளைஞர்களின் போதைப் பழக்கத்தைத் தடுக்கும் கூட்டமைப்புகளுக்குப் பணம் தரும் மத்திய அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது, அதில் பெற்றோர், இளைஞர்கள், பள்ளி, போலீஸ், ஊடகம், வியாபாரிகள் என்று 12 துறைகளிலிருந்து ஆள் இருந்தே ஆக வேண்டும். யாரையாவது மறந்துவிட்டோமா என்று சரிபார்க்க அந்த மாதிரிப் பட்டியல் நல்லதுதான். கட்டத்தை நிரப்புவதற்காக ஆள் பிடித்தால் மட்டும் வம்பு, வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், வேலையில் ஆள் இருக்காது.

வருகிறவருக்கு அவருடைய அமைப்பில் முடிவெடுக்கும் உரிமை இருக்கிறதா என்று நேராகவே கேட்டுவிடலாம். "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்பவர் ஒருவர் இருந்தால் சமாளிக்கலாம், எல்லோருமே அப்படி என்றால் ஒவ்வொரு சின்ன முடிவுக்கும் ஒரு மாதம் போகும்.

அடுத்து, பிரச்சினையை அனுபவிக்கிறவர்கள். அவர்களுக்கும் நாற்காலி போட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், போடும் விதத்தில்தான் கோளாறு. ஒருவரை மட்டும் கூப்பிட்டு, பதினெட்டு அதிகாரிகளுக்கு நடுவில் உட்கார வைத்து, வேலை நேரத்தில் கூட்டம் நடத்தி, இரண்டு மணி நேரம் துறைக்குள் மட்டும் புரியும் சுருக்கப் பெயர்களாகவே பேசிவிட்டு, கடைசி ஐந்து நிமிஷத்தில் "நீங்களும் ஏதாவது சொல்லுங்களேன்" என்றால் பாவம் அவர் என்ன சொல்வார்? "எல்லாம் நல்லா இருந்தது" என்பார், அடுத்த முறை வர மாட்டார். குறைந்தது மூன்று பேரைக் கூப்பிடுங்கள், தனியாள் என்ற கூச்சம் போய்விடும். முந்தின நாள் போன் செய்து என்ன பேசப்போகிறோம் என்று சொல்லுங்கள். போக்குவரத்துச் செலவு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், அவர்கள் பேசும் மொழி, அவர்களுக்குத் தோதான நேரம், இதெல்லாம் உபசாரம் என்று நினைக்காதீர்கள், கூட்டத்தின் அடிப்படைச் செலவு. அவர்களுடைய நேரத்துக்கும் பணம் கொடுங்கள். மேஜையைச் சுற்றி இருக்கும் மற்ற எல்லோரும் சம்பள நேரத்தில் வந்திருக்கிறார்கள், இவர் மட்டும் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்பவர் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்து காட்டினார். அடிப்படியில் மக்களைத் தலையாட்ட வைப்பது, உச்சியில் முடிவெடுக்கும் அதிகாரமே மக்கள் கையில் இருப்பது. கருத்துக் கேட்பது நாலாவது படிதான். நான் பார்த்தவரை பெரும்பாலான கூட்டமைப்புகள் அங்கேயே பாய் விரித்துப் படுத்துவிடுகின்றன. மக்களும் பங்காளிகளாகச் சேர்ந்து முடிவெடுக்கும் ஆறாவது படிக்குப் போயிருக்கிறோமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு: மக்கள் தரப்பு "வேண்டாம்" என்று சொன்னதால் நிபுணர்கள் கைவிட்ட திட்டம் ஒன்றாவது உங்களிடம் இருக்கிறதா?

நிபுணர் சொல்வது சரியாகவே இருந்தாலும் இது முக்கியம் என்பதற்கு எபோலா சாட்சி. மேற்கு ஆப்பிரிக்காவில் 2014இல் அது பரவியபோது, இறந்தவர் உடலைத் தொட்டுக் குளிப்பாட்டி அடக்கம் செய்யும் வழக்கம் நோய் பரவும் பெரிய வழியாக இருந்தது. முழு உடம்பும் மூடிய ஆட்கள் வந்து உடலைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். மருத்துவ ரீதியில் சரிதான். குடும்பங்கள் என்ன செய்தன? சாவை மறைத்தன, ராத்திரியில் ரகசியமாகப் புதைத்தன. அந்த வருஷம் நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் மதத் தலைவர்களையும் சேர்த்துக்கொண்டு புதிய நெறிமுறை கொண்டுவந்தது, அதில் குடும்பத்தாரும் உள்ளூர் மதகுருவும் அடக்கத்தைத் திட்டமிடுவதிலேயே பங்கெடுக்கலாம், உடலைத் தொடாமல் செய்யக்கூடிய சடங்குகளும் பிரார்த்தனையும் உண்டு. அந்த நெறிமுறையின் பெயரிலேயே "பாதுகாப்பான" என்பதோடு "கண்ணியமான" என்ற சொல்லும் இருந்தது.

கூப்பிடக் கூடாதவர்களும் உண்டு. புகையிலைக் கட்டுப்பாட்டைப் பற்றிய கூட்டமைப்பில் சிகரெட் கம்பெனிக்கு இடமில்லை, புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் 5.3ஆம் பிரிவே அந்தத் தொழிலின் நலன்களிலிருந்து கொள்கையைக் காப்பாற்றச் சொல்கிறது. மற்ற தொழில்களில் கோடு இவ்வளவு தெளிவாக இருக்காது. யாரிடமிருந்து பணம் வாங்க மாட்டோம் என்பதை முதல் மாதமே எழுதி வைத்துவிடுங்கள், செக் கையில் வந்த பிறகு அந்த விவாதம் நேர்மையாக நடக்காது.

சம்பளத்துக்கு ஒரு ஆள்

இதை மட்டும் நீங்கள் கேட்டால் போதும், மற்றதெல்லாம் எப்படியாவது வந்துவிடும் என்றுகூட எனக்குத் தோன்றும். கூட்டமைப்புக்கு என்று ஒரு ஒருங்கிணைப்பாளர் வேண்டும், பாதி நேரமாவது, சம்பளத்தோடு. "எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள், அல்லது ஒரே ஒரு நல்ல மனுஷர் தன் வேலைக்கு மேல் இதையும் இழுத்துப் போட்டுக்கொண்டு பதினோராம் மாதம் படுத்துவிடுவார்.

அவர் என்ன செய்வார் என்று கேட்டால் வெளியே தெரிகிற மாதிரி எதுவும் இருக்காது. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு ஒவ்வொருவருக்கும் போன் செய்து, "நீங்கள் பார்க்கிறேன் என்ற விஷயம் என்ன ஆயிற்று, ஏதாவது முட்டுக்கட்டையா" என்று கேட்பார். பள்ளித் தலைமையாசிரியருக்கும் சுகாதார அலுவலருக்கும் நடுவில் மூன்று வருஷமாக ஒரு மனஸ்தாபம் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கும், இருவரையும் ஒரே துணைக்குழுவில் போட மாட்டார், அல்லது வேண்டுமென்றே போட்டு முதல் வாரம் கூடவே இருப்பார். புதிதாக வந்தவருக்குப் பழைய கதையைச் சொல்வார். கூட்டக் குறிப்பை மறுநாளே அனுப்புவார். பேசத் தெரிந்தவரைவிட, கேட்கத் தெரிந்தவரை இந்த வேலைக்குப் போடுங்கள். மேடையில் அசத்துகிற ஆள் இதற்குச் சரிப்படுவது குறைவு. அந்தத் திறமை தலைவருக்கு இருக்கட்டும், தலைவரும் ஒருங்கிணைப்பாளரும் வேறு வேறு ஆளாக இருந்தால் நல்லது.

சம்பளம் எந்த அமைப்பின் வழியாக வருகிறதோ அந்த அமைப்பின் ஆளாக அவரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள், இது எல்லா இடத்திலும் நடக்கும். அதனால் அவரை எடுப்பது, நிறுத்துவது இரண்டையும் கூட்டமைப்பின் குழுவே தீர்மானிக்கும் என்று முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள்.

இரண்டு பக்க ஒப்பந்தம், ஒன்றரை மணி நேரக் கூட்டம்

விதிமுறைப் புத்தகம் வேண்டாம். இரண்டு பக்கத்தில் இவை இருக்கட்டும்: எதற்காகச் சேர்ந்திருக்கிறோம், முடிவை எப்படி எடுப்போம் (ஒருமித்தா, வாக்கெடுப்பா, ஒருமித்து வராவிட்டால் பிறகு என்ன), பணம் யாரிடம், பத்திரிகையில் யார் பேசுவது, யார் பெயர் எங்கே வரும், விலக நினைத்தால் எப்படி. பெயர் போடுவது அற்ப விஷயமாகத் தெரியும். கூட்டமைப்புகள் உடைவதைப் பார்த்தால் கொள்கைச் சண்டையைவிட நோட்டீஸில் லோகோ சின்னதாகிவிட்டது என்ற சண்டைதான் அதிகம், நான் மிகைப்படுத்தவில்லை.

கூட்டத்தை "போன முறை ஒப்புக்கொண்டது என்ன ஆயிற்று" என்ற பத்து நிமிஷத்தோடு ஆரம்பியுங்கள். செய்யாதவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், என்ன தடுத்தது என்று மட்டும் கேளுங்கள். அமைப்பு வாரியாக "எங்கள் நிறுவனம் இந்த மாதம் செய்தவை" என்று வாசிக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள், அதை எழுதி அனுப்பிவிடலாம், அதற்கு ஏன் எல்லோரும் பயணம் செய்து வர வேண்டும்? சேர்ந்து இருந்தால்தான் தீர்க்க முடியும் என்கிற விஷயத்துக்கு மட்டும் கூட்ட நேரம்.

சத்தமாகப் பேசுகிறவர்களே பேசிக்கொண்டிருந்தால் ஒரு பழைய முறை இருக்கிறது. கேள்வியைச் சொல்லிவிட்டு ஐந்து நிமிஷம் எல்லோரும் மௌனமாகத் தாளில் எழுத வேண்டும். பிறகு வரிசையாக ஆளுக்கு ஒரு யோசனை, விளக்கமோ விவாதமோ கிடையாது, பலகையில் எழுதிக்கொண்டே போக வேண்டும். எல்லாம் வந்த பிறகு சந்தேகம் கேட்கலாம், கடைசியில் ஆளுக்கு மூன்று ஓட்டு. எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர் இருந்தால் இரண்டிரண்டு பேராக உட்கார வைத்துப் பேசச் சொல்லிச் செய்யலாம். பதவியில் பெரியவர் கடைசியாகப் பேசட்டும், அவர் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் யோசனையை மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள்.

முடியும்போது மூன்று பத்தி கொண்ட அட்டவணை: என்ன, யார், எந்தத் தேதிக்குள். "யார்" என்ற இடத்தில் அமைப்பின் பெயரோ "அனைவரும்" என்பதோ வந்தால் அடித்துவிடுங்கள்.

என்ன செய்வது, எவ்வளவு செய்வது

பேரணி, துண்டுப் பிரசுரம், ஒருநாள் முகாம். கூட்டமைப்புகள் வழக்கமாக இவற்றைப் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் இவை வேலை செய்கின்றன என்பதால் அல்ல, யாருக்கும் மனக்கசப்பு வராமல் செய்து முடித்துவிடலாம் என்பதால்தான். ஏற்கெனவே எங்காவது சோதித்துப் பார்த்துப் பலன் தெரிந்த முறையிலிருந்து ஆரம்பியுங்கள். அதில் கூடவே கவனிக்க வேண்டியது அளவு. மருந்து மாதிரிதான், சரியான மருந்தே ஆனாலும் கால் மாத்திரை கொடுத்தால் காய்ச்சல் குறையாது.

நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் பெண்கள் குழுக்கள் மாதா மாதம் கூடி, கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தங்கள் பக்கத்தில் என்ன தொல்லை வருகிறது, தாங்களே என்ன செய்யலாம் என்று பேசி, முடிவு செய்து, செய்தும் பார்த்தார்கள். நடத்தியவர் அந்தப் பகுதியைச் சேர்ந்த பெண், மருத்துவப் பணியாளர் கிடையாது. 2004இல் வந்த ஆய்வு முடிவில் அந்தப் பகுதிகளில் பச்சிளம் குழந்தை இறப்பு, ஒப்பிட்டுப் பார்த்த மற்றப் பகுதிகளைவிட 30 சதவீதம் குறைவாக இருந்தது. 2010இல் ஜார்கண்ட், ஒடிசாவில் செய்த ஆய்விலும் நல்ல பலன். அதே வருஷம் வங்கதேசத்தில் ஏறக்குறைய இதே முறையில் செய்த ஆய்வில் பலன் தெரியவில்லை. ஏன்? ஜார்கண்ட், ஒடிசாவில் சுமார் 470 பேருக்கு ஒரு குழு இருந்தது, வங்கதேசத்தில் சுமார் 1,400 பேருக்கு ஒரு குழு. பிறகு வங்கதேசத்திலேயே குழுக்களை நெருக்கமாக அமைத்துச் செய்தபோது இறப்பு குறைந்தது. 2013இல் இப்படிப்பட்ட ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், கர்ப்பிணிகளில் குறைந்தது 30 சதவீதம் பேர் கலந்துகொண்ட இடங்களில் பச்சிளம் குழந்தை இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அதாவது உங்களால் எட்டக்கூடிய அளவுக்கு எல்லையைச் சுருக்கிக்கொள்வது கௌரவக் குறைச்சல் இல்லை. இருபது தெருவில் லேசாகத் தடவுவதைவிட நாலு தெருவில் அழுத்தமாகச் செய்யுங்கள்.

இன்னொரு பாடம் பின்லாந்தின் வடக்கு கரேலியாவிலிருந்து. அங்கே மாரடைப்புச் சாவுகள் அதிகம், 1971இல் அந்த வட்டாரத்து ஆட்களே அரசுக்கு மனுப் போட்டார்கள், 1972இல் பெக்கா புஸ்கா என்ற மருத்துவர் தலைமையில் திட்டம் ஆரம்பித்தது. வெண்ணெயைக் குறை என்று சொல்ல வேண்டும், ஆனால் அது பால் பண்ணைகளை நம்பியிருந்த வட்டாரம். டாக்டர்கள் மட்டும் பிரசங்கம் செய்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மார்த்தா என்ற குடும்பப் பெண்களின் சங்கத்தைச் சேர்த்துக்கொண்டு, கொழுப்பு குறைத்த சமையலைக் கூட்டங்களில் செய்து சாப்பிட வைத்தார்கள். உணவுத் தயாரிப்பாளர்களோடு பேசினார்கள். பால் தொழிலில் இருந்தவர்களுக்கு மாற்றாகப் பெர்ரிப் பழச் சாகுபடியைத் தூக்கிவிட்டார்கள். உழைக்கும் வயது ஆண்களில் இதயநோய்ச் சாவு சுமார் 35 வருஷத்தில் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது (பின்லாந்து முழுக்கவே குறைந்தது, அதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்). உங்கள் திட்டத்தால் யாருடைய பிழைப்பில் கை வைக்கிறீர்கள், அவருக்கு என்ன வழி சொல்லப்போகிறீர்கள் என்ற கேள்வியைக் கூட்டமைப்பில் யாராவது கேட்டே ஆக வேண்டும்.

நன்றாகச் செய்தும் கொஞ்சமாகவே பலன் வரலாம், மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். புகைப்பழக்கத்தை விட வைக்க அமெரிக்கா, கனடாவில் 22 ஊர்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் நடந்த பெரிய ஆய்வில், அதிகமாகப் புகைப்பவர்களிடம் வித்தியாசமே தெரியவில்லை, மிதமாகப் புகைப்பவர்களில்தான் கொஞ்சம் பேர் கூடுதலாக விட்டிருந்தார்கள். இது மாதிரி முடிவு வந்தால் ஒளித்து வைக்காமல், எந்த ஆட்களை எட்டவில்லை என்று பார்க்கலாம்.

கணக்கு, பணம், முடிவு

மூன்று கணக்கு வைத்திருங்கள். ஒன்று, நாம் ஒழுங்காக நடக்கிறோமா: வருகிறவர்கள் யார், ஒப்புக்கொண்டதில் எத்தனை நடந்தது. இரண்டு, வெளியே ஏதாவது மாறியிருக்கிறதா: ஒரு விதி, ஒரு நேர அட்டவணை, மருந்து கிடைக்கும் நாட்கள், போடப்பட்ட விளக்கு. மூன்று, நோயும் சாவும் குறைந்ததா. மூன்றாவது தெரிய வருஷக்கணக்கில் ஆகும், ஆறு மாதத்தில் அதைக் காட்டச் சொல்லும் நிதியாளரிடம் அடக்கமாக இரண்டாவதைக் காட்டுங்கள். கணக்கு எடுத்தவுடன் யாரிடமிருந்து எடுத்தோமோ அவர்களிடம் முதலில் போய்ச் சொல்ல வேண்டும். அறிக்கை அச்சாகி விழா நடந்து ஒரு வருஷம் கழித்துத் தெரிய வந்தால் அடுத்த முறை கதவு திறக்காது.

பணம் வந்தவுடன் ஒரு நோய் வரும். கூட்டமைப்பு எந்த வேலைக்காக ஆரம்பித்ததோ அதை விட்டுவிட்டு, எதற்கு ஃபண்டு வருகிறதோ அதன் பின்னால் ஓடும். ரத்த அழுத்தத்துக்காகச் சேர்ந்தவர்கள் இரண்டு வருஷம் கழித்துப் போக்குவரத்துப் பாதுகாப்பு வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு புதுப் பணத்துக்கும் "இது இல்லாவிட்டாலும் இந்த வேலையைச் செய்திருப்போமா" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான மானியம் மூன்று ஐந்து வருஷத்தில் முடியும், எந்த வேலையை எந்த அமைப்பு தன் வழக்கமான வேலையாக எடுத்துக்கொள்ளும் என்பதை முதல் வருஷமே பேசத் தொடங்குங்கள். சில வேலைகளை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அதுவும் ஒரு தகவல். எடுத்த வேலை முடிந்துவிட்டால் கூட்டமைப்பைக் கலைத்துவிடலாம், தப்பில்லை.

ஏற்கெனவே ஓய்ந்துபோன கூட்டமைப்பு ஒன்று உங்கள் கையில் இருந்தால், புதிதாகப் பேனர் அடிக்கும் முன் வராமல் நின்றுபோன ஐந்து பேருக்குப் போன் செய்து ஏன் நின்றீர்கள் என்று கேளுங்கள். சமாதானம் சொல்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். நான் அப்படிக் கேட்டபோது ஒரு அம்மா சொன்னார்: "மூணு கூட்டத்துல ஒரே விஷயத்தைச் சொன்னேன், மூணு தடவையும் நீங்க அனுப்பின குறிப்புல அது இல்ல." பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். இல்லைதான். எழுதியது நான்.